அந்தமானில் சாதி இல்லையாம்!

அந்தமானைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அங்கே சாதியே கிடையாது தோழர், அது ஒரு குட்டி இந்தியா." அரசு விழா மேடையில் இதைச் சொல்கிறார்கள். இடதுசாரி நண்பர்கள்கூட கொஞ்சம் ஏக்கத்தோடு சொல்கிறார்கள். கைதிகள் ஒரே கப்பலில் போனார்கள், ஒரே கொட்டடியில் அடைபட்டார்கள், கலந்து மணந்தார்கள், சாதி உதிர்ந்துவிட்டது என்பது கதை. நாம் மூவாயிரம் ஆண்டாக முட்டி மோதியும் அசையாத சாதியை வெள்ளைக்காரன் சிறை ஐம்பது வருடத்தில் ஒழித்ததாம். இந்தக் கதையால் இன்றும் ஒரு சட்டக் கேடு நடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'காலாபானி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'சிறைச்சாலை' படம் பார்த்தவர்களுக்கு அது செல்லுலார் சிறை, செக்கு, சவுக்கடி. சொல்லின் வேர் வேறு. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பது ஆதிக்க சாதியின் அச்சம். கம்பெனி அதிகாரிகள் அந்த அச்சத்தைக் கணக்கில் எடுத்துத்தான் நாடுகடத்தலை மரணத்துக்கு அடுத்த தண்டனையாக வைத்தார்கள். தண்டனையின் அளவுகோலே இழப்பதற்குச் சாதிப் பெருமை உள்ளவனை வைத்துச் செய்யப்பட்டது. அதே பத்தாண்டுகளில் நம் ஆட்கள் மொரிஷியஸ் கரும்புக் காட்டுக்கும் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டினார்கள். அவர்களுக்குச் சாதி போனதா? மலையகத்து லயன் அறைகளில் போய்க் கேளுங்கள்.

1858 மார்ச் 10. ஆக்ரா சிறையை நடத்திய டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைக்க அரசுக்கு அவசரமாக ஓர் இடம் வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், அந்தக் காட்டை வெட்டக் கூலி கேட்காத கை வேண்டியிருந்தது. காலில் விலங்கோடு மழையில் மரம் வெட்டினார்கள். ஜூன் நடுப்பகுதிக்குள் வந்து சேர்ந்தவர்கள் 773 பேர். அதில் மருத்துவமனையில் செத்தவர்கள் 64. தப்பியோடித் திரும்பாதவர்கள் 140. தற்கொலை 1. தப்ப முயன்றதற்காக வாக்கர் தூக்கில் போட்டவர்கள் 87. மிச்சம் 481. மூன்று மாதக் கணக்கு இது. செல்லுலார் சிறை கட்டத் தொடங்கியதே 1896இல். அதற்கு முந்தைய 38 ஆண்டுகள் அந்தத் தீவே சிறை.

இந்தச் சிறை சாதியைத் தொட்டதா? தொடவே பயந்தது. 1840களில் வங்காள மாகாணச் சிறைகளில் எல்லாருக்கும் பொதுச் சமையல் கொண்டுவந்தபோது கைதிகள் கலகம் செய்தார்கள். 1855இல் ஆரா சிறையில் பித்தளைச் சொம்பைப் பிடுங்கி மண் பாத்திரம் கொடுத்ததற்கு ஒரு கலகம். அரசு பணிந்து சொம்பைத் திருப்பிக் கொடுத்தது. 1857க்குப் பிறகு கேட்கவே வேண்டாம். 1858 நவம்பர் 1 பிரகடனத்தில் விக்டோரியா ராணி, மத விஷயங்களில் தலையிட மாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். கப்பலேறும் கைதியின் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், குற்றம் ஆகியவற்றோடு சாதியும் ஏறியது. பிறகு எழுதப்பட்ட சிறை விதிகளில் அடுப்படி 'உயர்' சாதிக் கைதிக்கும் கக்கூஸ் தோட்டிச் சாதிக் கைதிக்கும் போனது.

அந்த விதிகள் செத்துவிட்டன என்று நினைக்காதீர்கள். சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 3இல். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்த கதையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பு, காலனிய அடையாளத்தைத் துடைக்கிறோம் என்று சொல்லி ஒன்றிய அரசு போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் வைத்தது. பெயர்ப்பலகையில் இருக்கிற காலனியம் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. சிறைக் கக்கூஸில் இருக்கிற காலனியத்துக்கு ஒரு பெண் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

தீவின் முதல் 'நாயகன்' கதையையும் கேளுங்கள். தூத்நாத் திவாரி, கிளர்ச்சி செய்த சிப்பாய். 1858இல் தப்பியோடினார். காட்டில் அந்தமான் பழங்குடிகள் அவரை ஏற்றுக்கொண்டு ஓராண்டு சோறு போட்டார்கள். லீபா என்ற பெண்ணை மணந்தார். 1859 மே மாதம் அம்மக்கள் தங்கள் காட்டை மீட்க அபெர்தீனில் வெள்ளையனைத் தாக்கத் திட்டமிட்டபோது, இவர் முன்கூட்டியே ஓடிவந்து வாக்கரிடம் சொல்லிவிட்டார். கிளர்ச்சிக்காரருக்கு மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தது. வில் அம்போடு வந்தவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. அன்று ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று சில பத்துப் பேர். லீபாவுக்கு என்ன ஆனது என்று கேட்ட தேசபக்தரை நான் இன்னும் பார்க்கவில்லை.

1858 முதல் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட கைதிகள் சுமார் 80,000 பேர். 1979இல் தேசிய நினைவுச்சின்னமாக்கப்பட்ட செல்லுலார் சிறை நினைவுகூர்வது சில நூறு அரசியல் கைதிகளை. விமான நிலையத்துக்கு சாவர்க்கர் பெயர். காட்டை வெட்டி, சாலை போட்டு, ராஸ் தீவில் துரைமாருக்கு நடனக்கூடமும் தேவாலயமும் எழும்ப உழைத்து, கடைசியில் அந்தச் சிறையையும் கட்டியவர்கள் கழுத்தில் எண் தொங்கிய ஆட்கள். 1920களில் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் முத்திரை குத்தி ஐக்கிய மாகாணத்திலிருந்து பாந்து மக்களைக் கொண்டுவந்தார்கள். பெருங்காமநல்லூரை அறிந்த நமக்கு அந்தச் சட்டத்தை விளக்க வேண்டியதில்லை. 1918 முதல் ராஞ்சியிலிருந்து ஆதிவாசிகளைக் காடு வெட்டக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே பழங்குடிப் பட்டியலில் இல்லை.

இப்போது அந்தச் சட்டக் கேட்டுக்கு வருவோம். அந்தமான் நிகோபார் ஒன்றியப் பகுதியில் பட்டியல் சாதி என்று அறிவிக்கப்பட்ட சாதி ஒன்றுகூட இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தலித் எண்ணிக்கை பூஜ்யம். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அங்கே போன உழைக்கும் மக்களில் தலித்துகள் இல்லையா? கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட, இலங்கையிலிருந்து திரும்பிய மலையகக் குடும்பங்கள் யார்? 1990ஆம் ஆண்டின் மர்ரி சந்திரசேகர ராவ் தீர்ப்புப்படி, ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது. அங்கேயே பிறந்து வளர்ந்த தலித் பிள்ளைக்கு உள்ளூர்ப் பட்டியலும் இல்லை. பட்டியலே இல்லாத இடத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் எழுதுவது எப்படி? சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது அங்கே வெறும் வாய்ச்சண்டை.

அரசியலமைப்பின் 341ஆவது பிரிவு, ஒன்றியப் பகுதிக்கும் பட்டியல் சாதிகளை அறிவிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. 'உள்ளூரில் பிறந்தோர்', பாந்து, மாப்பிள்ளை, கரேன், வங்கக் குடியேறிகள் என்று அதே தீவுகளில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் போட அரசால் முடிந்திருக்கிறது. சாதி இல்லாத தீவில் அந்தப் பட்டியல் மட்டும் எதற்காம்?