மஞ்சள் ஜெர்சியும் தள்ளுபடி விலையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் ஒரு சிறிய ஃபேஷன் அணிவகுப்பே நடக்கிறது. சாஃப்ட்வேர்காரர்கள், டாக்டர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் உடம்போடு ஒட்டிய வண்ண வண்ண ஜெர்சிகளில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உச்சிக்குப் போக ஏறக்குறைய 8 கி.மீ. ஏற்றம். கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பளிச்சென்ற மஞ்சள் ஜெர்சியில் வந்து சேர்கிறார். பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "டூர் டி பிரான்ஸில எப்ப சார் ஜெயிச்சீங்க?" என்று ஒரு குரல். சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது புதியவருக்குப் புரியவில்லை. இணையத் தள்ளுபடியில் 799 ரூபாய்க்குக் கிடைத்தது, வாங்கினார். அவ்வளவுதான்.

இது நந்தி மலைக்கு மட்டும் உரிய காட்சி அல்ல. புணேயிலும் தில்லியிலும் ஹைதராபாத்திலும் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வார இறுதிகளில் பார்க்கக்கூடியதுதான். இப்படிக் கேலிக்கு ஆளானவர்கள் அடுத்த ஞாயிறு வராமலே போய்விடுவதும் உண்டு. எதை அணியலாம், எதை அணியக் கூடாது என்று சைக்கிள் உலகில் எழுதாத சட்டங்கள் ஏராளம். அவற்றில் சில நியாயமானவை. பல வெறும் பந்தா.

மஞ்சள் ஜெர்சியின் கதை 1919இல் தொடங்குகிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சாகிக்கொண்டிருந்தது. பந்தயத்தில் யார் முன்னணியில் இருக்கிறார் என்று சாலையோரம் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் ஆசிரியர் ஆன்றி தெக்ரான்ஜ் முன்னணி வீரருக்கு அதே நிறத்தில் ஒரு கம்பளி ஜெர்சி தந்தார். அந்த ஆண்டு ஜூலை 19 அன்று கிரெனோபில் நகரில் அதை முதலில் அணிந்தவர் எழேன் கிறிஸ்தோஃப். அவருக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. வழியெங்கும் மக்கள் 'கானரிக் குருவி' என்று கேலி செய்ததாகக் குறைப்பட்டுக்கொண்டார். பந்தயம் முடியும் தறுவாயில் அவருடைய சைக்கிளின் முன்பக்க ஃபோர்க் உடைந்தது. மஞ்சள் ஜெர்சி வேறொருவருக்குப் போயிற்று. கடைசிவரை அவர் டூர் டி பிரான்ஸை வெல்லவே இல்லை. ஆக, மஞ்சள் ஜெர்சிக்காகக் கேலிக்கு ஆளான முதல் ஆளே அதை முறைப்படி சம்பாதித்தவர்தான்.

பிறகு அது மெல்ல மெல்லப் புனிதப் பொருளாயிற்று. 1971இல் ஸ்பெயினின் லூயிஸ் ஒகான்யா, பெல்ஜியத்தின் மகா வீரர் எடி மெர்க்ஸை 7 நிமிடங்களுக்கும் மேல் முந்தியிருந்தார். ஜூலை 12 அன்று பிரெனீஸ் மலையில் கொட்டிய மழையில், மென்டே கணவாய் இறக்கத்தில் ஒகான்யா விழுந்தார். பந்தயத்தை விட்டே விலக நேர்ந்தது. முதலிடம் தானாக மெர்க்ஸுக்கு வந்தது. மறுநாள் அவர் மஞ்சள் ஜெர்சியை அணிய மறுத்துவிட்டார். அடுத்தவர் விழுந்ததால் கிடைத்ததை உடனே எடுத்து மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

இதே மரியாதையை 2005இல் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கும் காட்ட முயன்றார். முன்னணியில் இருந்த டேவிட் ஜாப்ரிஸ்கி விழுந்ததால் வந்த மஞ்சளை அணியாமல் அவர் மறுநாள் கிளம்ப, அமைப்பாளர்கள் விடவில்லை. போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்றார்கள். 2012இல், ஊக்கமருந்து விவகாரத்தில், அவருடைய 7 டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டன.

உலக சாம்பியனின் வானவில் ஜெர்சிக்கு இன்னும் கெடுபிடி அதிகம். வெள்ளைத் துணியில் நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என ஐந்து பட்டைகள். பட்டத்தை வென்றவர் ஓராண்டு அதை அணிவார். அடுத்தவர் வென்றதும் கழற்றிவிட வேண்டும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் கழுத்துப் பட்டியிலும் கை விளிம்பிலும் மட்டும் அந்தக் கோடுகளை வைத்துக்கொள்ளலாம். சாம்பியனுக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, தள்ளுபடியில் வாங்கியவர் அதை மாட்டிக்கொண்டு காய்கறி மார்க்கெட் வழியாகப் போனால் பழைய ஆட்களுக்கு எரிச்சல் வருவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ்காரர்களே மஞ்சள் ஜெர்சியின் நகல்களைக் கடை போட்டு விற்கிறார்கள். பந்தயத்துக்கு முன்னால் போகும் விளம்பர வண்டிகள், மலையேற்ற வீரருக்குரிய சிவப்புப் புள்ளி பனியன்களைச் சாலையோரக் கூட்டத்துக்கு இலவசமாக வீசிக்கொண்டே போகின்றன. பிரான்ஸில் தாத்தாவும் பேரனும் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். விற்பதும் வீசுவதும் அவர்கள். வாங்கியவர் மட்டும் குற்றவாளியா?

தொழில்முறை அணிகளின் ஜெர்சி விஷயத்தில் பழைய ஆட்களின் வாதம் இன்னும் பலவீனம். 'அந்த அணியில் சம்பளம் வாங்கினால் அணியுங்கள்' என்பார்கள். தோனியின் 7ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வித்தியாசம் ஒன்றுதான். கிரிக்கெட் ரசிகர் கேலரியில் இருக்கிறார். சைக்கிள் ரசிகரோ அதே ஜெர்சியில் அதே வேலையைச் செய்கிறார், மணிக்கு 14 கி.மீ. வேகத்தில். ஒப்பிட்டுச் சிரிப்பது சுலபமாகிவிடுகிறது.

இந்தியாவில் நிஜமாகவே மதிக்க வேண்டிய ஜெர்சி வேறு. நெடுந்தூர சைக்கிள் கிளப்புகள் நடத்தும் 'பிரெவே' பயணங்களில் 200 கி.மீ. தூரத்தை 13.5 மணி நேரத்திலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தவர் 'சூப்பர் ராண்டனர்'. பரிசுப் பணம் கிடையாது, டிவி கிடையாது. நள்ளிரவில் நாய்களுக்குப் பயந்து, லாரி விளக்குகளுக்குக் கண் கூசி, தாபா கட்டிலில் 20 நிமிடம் தூங்கி எழுந்து முடித்தவர்கள். சில கிளப்புகள் இவர்களுக்கென்று ஜெர்சி அடித்துத் தருகின்றன. அதை முடிக்காத ஒருவர் வாங்கி அணிந்தால், பக்கத்தில் பெடல் மிதிப்பவர் உண்மையாகவே முடித்தவராக இருக்கலாம். இங்கே கோபம் நியாயம். பிரெவே கிளம்பும் முன்பே அதன் ஜெர்சியைப் போட்டுக்கொள்வதைக்கூடப் பலர் தவிர்க்கிறார்கள், முடித்த பிறகுதான்.

இனி அந்த 799 ரூபாய் சமாச்சாரம்.

சைக்கிள் உடைகளில் ஏன் இத்தனை தள்ளுபடி? காரணம் ஸ்பான்சர்கள். தொழில்முறை அணிகளுக்குச் சொந்த ஊர் கிடையாது. பணம் போடும் கம்பெனியின் பெயர்தான் அணியின் பெயர். 2023இல் யம்போ-விஸ்மா அணி இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. 2024 ஜனவரி முதல் தேதி அதன் பெயரும் ஜெர்சியும் மாறிவிட்டன. இப்படி மாறும்போதெல்லாம் பழைய ஜெர்சி கடைக்காரருக்குச் சுமை. கிடைத்த விலைக்குத் தள்ளுவார். துணியில் குறை ஒன்றும் இல்லை. பெயர்தான் பழசு.

இன்னொரு காரணம் ஐரோப்பியக் குளிர். அக்டோபருக்குப் பின் அங்கே அரைக்கை ஜெர்சிக்கு மவுசு இல்லை. சென்னைக்காரருக்கு டிசம்பரிலும் அரைக்கைதான். அவர்கள் கழிப்பதை இவர் தாராளமாக அணியலாம். தில்லிக்காரர் மார்ச் மாதம் குளிர் ஜாக்கெட் தேடினால் அடுத்த ஜனவரிக்கு உதவும்.

வெளிநாட்டுக் கடையில் வாங்கும்போது தபால் செலவு, சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து தள்ளுபடியை விழுங்கிவிடலாம். அளவு சேரவில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு ஜெர்சி விலையை எட்டும். கடையே மூழ்குவதும் உண்டு. மலிவு விலைக்குப் பெயர் போன பிரிட்டனின் 'விகிள்' 2023 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குப் போனது. உள்நாட்டில் வாங்கினால் 2,500 ரூபாய் வரை விலையுள்ள உடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கணக்கு. 2,499 ரூபாய் விலைச் சீட்டுகள் ஏன் என்று யோசிப்பவர்களுக்கு இதிலும் கொஞ்சம் விடை இருக்கிறது.

'70 சதவீதத் தள்ளுபடி' என்பதில் 70ஐப் பார்ப்பதற்கு முன், எதிலிருந்து என்று பார்ப்பது நல்லது. அதிகபட்ச சில்லறை விலையை 2,999 என்று அச்சிட்டுவிட்டு 799க்கு விற்பதில் வள்ளல் தன்மை எதுவும் இல்லை. 'இன்னும் 2 மட்டுமே பாக்கி', 'சலுகை முடிய 9 நிமிடம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இறக்குமதிப் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

பிரபல அணியின் ஜெர்சி 799க்கு வந்தால் அது பெரும்பாலும் போலிதான். பாலியெஸ்டர் துணியில் சூட்டில் மை ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு முறையில் எந்த டிசைனையும் நகலெடுக்கலாம். அதே முறையில்தான் ஜலந்தர், மீரட், திருப்பூர் யூனிட்டுகள் கிளப்புகளுக்கு நேர்மையாகவே ஜெர்சி அடித்துத் தருகின்றன. உள்ளூர் கிளப்பின் ஜெர்சி போலியைவிடப் பெரிதாக விலை கூடியதல்ல. அதை அணிந்தால் எந்தப் பழைய ஆளும் வாய் திறக்க மாட்டார்.

உண்மையில் ஜெர்சியில் ஏமாந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். கால்சட்டையில் ஏமாந்தால் உடம்புக்கு. சைக்கிள் ஷார்ட்ஸின் உள்ளே தைத்திருக்கும் மெத்தைக்கு 'ஷாமி' என்று பெயர். ஒரு காலத்தில் அது அந்தப் பெயருள்ள ஐரோப்பிய மலை விலங்கின் பதனிட்ட தோல். இப்போது செயற்கை நுரை. மட்டமான ஷார்ட்ஸில் மெத்தை தடிமனாகத்தான் இருக்கும், ஆனால் பஞ்சு போல ஒரே அமுக்கில் தட்டையாகிவிடும். இரண்டு மணி நேரத்தில் தோல் உரசி, கொப்புளம் கட்டி, ஒரு வாரம் நாற்காலியில் உட்கார முடியாது. அதற்குள் ஜட்டி அணியக் கூடாது என்பதை யாரும் புதியவரிடம் சொல்வதில்லை. சொல்லக் கூச்சம். ஜட்டியின் தையல்தான் உரசலுக்கு முதல் காரணம். மஞ்சள் நிறத்தைப் பற்றி வாய் கூசாமல் பேசுகிறவர்கள் இதைச் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். கையில் 3,000 ரூபாய் இருந்தால் 2,200ஐ ஷார்ட்ஸில் போடலாம். ஜெர்சிக்கு மிச்சம் போதும்.

அளவிலும் ஒரு குழப்பம். ஜெர்சி வந்ததும் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று போட்டுப் பார்த்துவிட்டு, முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். குனிந்து ஓட்டும் உடம்புக்குத் தைத்தது அது. ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் குனிந்து பார்த்தால் சரியாக இருக்கும். முதுகுப் பக்கத்தின் மூன்று பைகளில் போன், வாழைப்பழம், டியூப் வைத்தால் தொங்கக் கூடாது. இத்தாலியக் கம்பெனிகளின் 'எம்' நம் ஊர் 'எம்' அல்ல. மார்பளவை இஞ்ச் டேப்பில் எடுப்பதே உத்தமம். துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னர் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் குணம் போய்விடும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சாலையில் பகல் வெளிச்சத்தில் லாரி டிரைவர் கண்ணுக்குச் சட்டென்று தெரிவது ஃப்ளோரசன்ட் மஞ்சள்தான். நாகரிகம் என்று எல்லோரும் கறுப்பு ஜெர்சிக்கு மாறிவரும் காலத்தில், கேலிக்கு ஆளான அந்த நிறம்தான் பாதுகாப்பானது. விடியலுக்கு முன் கிளம்புகிறவருக்கு அதுவும் போதாது, வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டைகளும் விளக்கும் வேண்டும்.

நந்தி மலை உச்சியில் காலை ஏழரைக்கும் காற்று சில்லென்று இருக்கிறது. மஞ்சள் ஜெர்சிக்காரர் கடைசியாகத்தான் வந்து சேர்கிறார், ஆனால் இறங்காமல் தள்ளாமல். வியர்வையில் நனைந்த ஜெர்சியோடு இறக்கத்தில் போனால் நெஞ்சில் குளிர் ஏறும். பழைய ஆட்களில் வயதான ஒருவர் டீக்கடையில் நேற்றைய செய்தித்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து, அவருடைய ஜெர்சிக்குள் நெஞ்சுப் பக்கமாகச் செருகிக்கொள்ளச் சொல்கிறார். ஐரோப்பிய வீரர்கள் ஆல்ப்ஸ் மலை இறக்கங்களில் காலங்காலமாகச் செய்துவந்தது அது. ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்புகிறார்கள்.