ஏடும் எழுதுவோனும்

விளைந்த இடத்தினின்று நுகர்வோனை அடையுமட்டும் ஒரு பொருள் எத்தனை கை மாறுகின்றதென்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உழவன், தரகன், கிடங்குக்காரன், வண்டிக்காரன், வணிகன் ஆகிய ஒவ்வொருவரும் தத்தமக்கென வெவ்வேறு கணக்கு வைத்திருத்தலின், இடையே நேரும் குற்றம் எங்கே நேர்ந்ததென அறிதல் எளிதன்று. 2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில், அரிசோனா மாகாணத்து யூமாப் பகுதியில் விளைந்த ரொமெய்ன் லெட்டூஸ் என்னும் கீரையால் 210 பேர் நோயுற்றனர், ஐவர் மாண்டனர். எத்தோட்டத்துக் கீரை தீயதென்பது உடனே புலப்படாமையால், அப்பகுதிக் கீரை முழுவதையுமே உண்ணற்க என்று அரசினர் எச்சரித்தனர். குற்றமற்ற உழவனும் இழப்புற்றான். கணக்குகள் சிதறிக் கிடப்பதன் கேடு இஃதன்றோ?

இக்குறையைத் தீர்க்க வல்லதென்று கூறப்படுவது பிளாக்செயின் என்னும் முறை. இது பலர் ஒருங்கே படி வைத்திருக்கும் பேரேடு போல்வது. ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் தனக்கு முன்னதன் முத்திரை எண்ணைத் தன்னகத்தே கொண்டிருத்தலின், பழைய வரியொன்றை ஒருவன் திருத்தின் பின்வரும் முத்திரைகள் பொருந்தாதொழியும், திருட்டு வெளிப்படும். இதன் பயனும் சிறிதன்று. வால்மார்ட் நிறுவனத்தார், நறுக்கிய மாம்பழப் பொதியொன்று எத்தோட்டத்தினின்று வந்ததெனப் பழைய முறையில் தேட ஏறக்குறைய 7 நாட்கள் ஆயின; ஐ.பி.எம். நிறுவனத்தாருடன் அமைத்த புதிய முறையில் 2.2 விநாடியே ஆயிற்றென்று 2017இல் அறிவித்தனர். 2018 செப்டம்பரில், தமக்குக் கீரை அனுப்புவோரும் இம்முறையை மேற்கொள்ளல் வேண்டுமெனப் பணித்தனர்.

ஆயினும், இனி வணிகத்திற் பொய்க்கு இடமில்லை என்று களிப்பார்க்கு யாம் உடன்படோம். தமிழ் பயிலும் நாம் சுவடிகளால் அறிந்த உண்மையொன்று உண்டு. படிகள் பலவற்றை ஒப்புநோக்கின் இடையிற் புகுந்த பிழை தெரியவரும். மூலப்படியிலேயே பிழையிருப்பின் படிகள் யாவும் அப்பிழைக்கே சான்று பகரும். பேரேடும் அத்தகையதே. அழுகிய பழத்தை நல்லதென்று முதற்கண் ஒருவன் பதிவானாயின், அப்பொய் அழியாப் பொய்யாய் நிலைபெறும். ஏடு எழுதியதைக் காக்குமேயன்றி எழுதியது மெய்யென்று நிறுவாது.

ஏட்டிற்கு ஒத்துழைப்பும் வேண்டும். மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தாரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் சரக்குப் பத்திரங்களை ஒருங்கிணைக்க 2018இல் டிரேட்லென்ஸ் என்பதனை அமைத்தனர். பிற கப்பல் நிறுவனங்கள் சிலவும் அதிற் சேர்ந்தன. எனினும் உலகளாவிய முழு ஒத்துழைப்புக் கைகூடவில்லை என்று கூறி, 2022 நவம்பரில் அதனை மூடுவதாக அறிவித்தனர்.

ஆதலின், இம்முறையை நாடுவோர் கருவிக்குச் செலவிடும் பொருளில் ஒரு பங்கையேனும், தோட்டத்திற்குச் சென்று கண்ணாற் கண்டு சோதிப்போர்க்கும், பதியும் தொழிலைப் பயிலும் சிறு உழவர்க்கும் ஈதல் வேண்டும். அன்றேல் அச்சுமை எளியோர்மேல் விழ, பயன் பெருவணிகர்க்கே சேரும். நண்பர்காள்! ஏட்டைப் பூட்டுதல் எந்திரத்தின் வேலை; அதில் உண்மையை எழுதுதல் மனிதனின் கடன்.