வீடும் வெளியாரும்

நாவலைப் படமாக எடுத்தால் நாவலின் உயிர் போய்விடும் என்பது நம் இல்லங்களில் அடிக்கடி எழும் பேச்சு. பெரும்பாலும் அது உண்மையே. அதற்கு விலக்காக ஒருவரைக் காட்டவேண்டுமாயின் நாம் ஜேம்ஸ் ஐவரியையே காட்டுவோம். அவர் அமெரிக்கர், 1928-ல் கலிபோர்னியாவிற் பிறந்தவர். எனினும் ஆங்கிலேயரின் பழைய வாழ்வை அவரளவு நுணுக்கமாகத் திரையில் நிறுத்தியவர்கள் ஆங்கிலேயரிலேயே சிலர்தாம்.

ஐவரியைத் தனித்துப் பேசுவது நியாயமாகாது. பம்பாயிற் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சண்டும் அவரும் 1961-ல் ஒரு படக் கம்பெனி தொடங்கினர். 2005-ல் மெர்ச்சண்ட் மறையும்வரை அக்கூட்டு நீடித்தது. பெரும்பாலான படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர் ரூத் பிராவர் ஜாப்வாலா என்னும் அம்மையார். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1927-ல் யூதக் குடும்பத்திற் பிறந்து, 1939-ல் தப்பி இங்கிலாந்து சேர்ந்து, பார்சி ஒருவரை மணந்து 1951-ல் தில்லிக்குக் குடிவந்து, 1975-ல் நியூயார்க் சென்றவர் அவர். புக்கர் பரிசு, ஆஸ்கார் பரிசு இரண்டும் பெற்றவர் அவர் ஒருவரே. ஆக, மூவருமே பிறந்த ஊரை விட்டு வேறிடத்திற் பிழைத்தவர்கள். மெர்ச்சண்ட் படப்பிடிப்பில் உழைப்பவர்களுக்குத் தாமே கறி சமைத்துப் பரிமாறுவது பிரசித்தம். கையிற் பணம் குறைந்த நாட்களில் அச்சாப்பாடே படத்தை ஓட்டியது போலும்!

இவர்களுடைய நல்ல படங்களை ஒருசேரப் பார்ப்போர்க்கு ஒன்று புலப்படும். கதையின் நடுவில் ஒரு வீடு நிற்கும். அவ்வீடு எவருக்கு உரியது, எவர் உள்ளே இருக்கலாம், எவர் வாசலில் நிற்கவேண்டும் என்பதே வழக்கு. வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் பெட்டி தூக்கிய நமக்கு இவ்வழக்கு புதிதன்று.

முதற் படமான ‘தி ஹவுஸ்ஹோல்டர்’ 1963-ல் வந்தது. கிருகஸ்தன் என்பது அதன் பொருள். தில்லியில் ஓர் இளம் ஆசிரியர், புது மனைவி, சிறு சம்பளம். சம்பளத்தைக் கூட்டும்படி மேலதிகாரியிடமும், வாடகையைக் குறைக்கும்படி வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும். இரண்டிற்கும் நா எழவில்லை. இதற்கிடையில் தாயார் வந்து இறங்குகிறார். கணவனாகச் சசி கபூரும், தாயாகத் துர்கா கோட்டேயும் நடித்தனர். படத்தைச் செப்பனிட்டுத் தொகுக்கச் சத்யஜித் ராய் கைகொடுத்தார். இது பழங்காலக் கதையன்று. ஆயினும் பின்வந்த மாளிகைகளுக்கெல்லாம் அஸ்திவாரம் இச்சிறு வீட்டில்தான் போடப்பட்டது. 1965-ன் ‘ஷேக்ஸ்பியர் வாலா’ வீடே இல்லாதவர்களின் கதை: ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் ஆங்கிலக் குடும்பம், காண்போர் குறையக் குறையத் தேய்கிறது. ராயின் இசை அதில் உண்டு.

1983-ன் ‘ஹீட் அண்ட் டஸ்ட்’ அம்மையாரின் சொந்த நாவல்; இரு காலங்களை அருகருகே வைத்துச் சொல்வது. நன்று, ஆனால் நவாபின் காலம் வண்ணமாய் நிற்க, இக்காலம் வெளிறிப்போகிறது. 1985-ன் ‘எ ரூம் வித் எ வியூ’ இவர்களுடைய படங்களில் மிகக் களிப்பானது. பிளாரன்ஸ் நகரத்து விடுதியில் சாளரமுள்ள அறை எவருக்கு என்ற சிறு சச்சரவில் தொடங்கிக் கல்யாணத்தில் முடிவது. ‘தி கோல்டன் பவுல்’, ‘ஜெபர்சன் இன் பாரிஸ்’ ஆகியவற்றில் உடைகளும் நாற்காலிகளுமே நினைவில் நிற்கின்றன. ஐவரியின் படங்கள் பொருட்காட்சி என்று ஏளனம் செய்வோர் இவற்றை மட்டும் பார்த்திருக்கக் கூடும்.

அவர்கள் 1992-ல் வந்த ‘ஹவர்ட்ஸ் எண்ட்’ படத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஃபார்ஸ்டர் 1910-ல் எழுதிய நாவல் அது. சாகும் தறுவாயில் வில்காக்ஸ் அம்மாள் தம் வீட்டைத் தோழி மார்கரெட்டுக்கு என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிவைக்கிறாள். கணவனும் மக்களும் அச்சீட்டை நெருப்பிலிட்டு விடுகிறார்கள். மறுபுறம் லெனர்டு பாஸ்ட் என்னும் ஏழைக் குமாஸ்தா. அவன் வேலைசெய்யும் கம்பெனி விழப்போகிறது என்று செல்வர் வில்காக்ஸ் பேச்சுவாக்கில் ஒரு சொல் சொல்கிறார். அதை நம்பிய பெண்கள் அவனை எச்சரிக்கிறார்கள்; அவனும் வேலையை விடுகிறான். புது வேலையும் நிலைக்கவில்லை. குடும்பம் தெருவிற்கு வருகிறது. பின்னர் அக்கம்பெனி உறுதியாகவே இருக்கிறது என்று வில்காக்ஸ் அலட்டிக்கொள்ளாமற் சொல்கிறாரே, அவ்விடத்தில் அறையின் அழகெல்லாம் நமக்குக் கசந்துபோகிறது. படிப்பின் மீது தீராத ஆசை கொண்ட அக்குமாஸ்தா இறுதியிற் புத்தக அலமாரி மேலே சரிய மடிகிறான். இப்படத்திற்கு மூன்று ஆஸ்கார்கள் கிடைத்தன. மார்கரெட்டாக நடித்த எம்மா தாம்சனுடையது அவற்றுள் ஒன்று.

ஆயினும் முதலிடத்தை நாம் 1993-ன் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ படத்திற்கே தருவோம். எட்டு ஆஸ்கார்களுக்கு நியமிக்கப்பட்டு ஒன்றும் பெறாத படம் அது! நாகசாகியிற் பிறந்து ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு வந்த கசுவோ இஷிகுரோ, 1989-ல் எழுதிப் புக்கர் பரிசு பெற்ற நாவல். டார்லிங்டன் பிரபுவின் மாளிகையில் ஸ்டீவன்ஸ் என்னும் பட்லர். முதிய தந்தையும் அங்கேயே வேலை பார்க்கிறார். கீழே பிரபுவின் விருந்தினர்க்குப் பெருவிருந்து. மேலே அறையில் தந்தையின் உயிர் பிரிகிறது. கென்டன் அம்மையார் வந்து சொல்கிறாள். தாம் இப்பொழுது வேலையாயிருப்பதாகச் சொல்லும் ஸ்டீவன்ஸ், தந்தையின் கண்களை மூடும் கடனை அவளிடம் விட்டு விருந்தினரிடம் திரும்புகிறார்.

ஊரிலிருந்து செய்தி வந்தும் உடனே புறப்பட இயலாமற்போன குடும்பங்கள் நம்மிடையே சிலவல்ல. முதன்முறை பார்த்தபொழுது இவரன்றோ கடமை வீரர் என்று வியந்தோம். இரண்டாம் முறை அப்படி எண்ண முடியவில்லை. நமக்கு ரயில் இல்லை, விடுப்பு இல்லை. ஸ்டீவன்ஸுக்கு இடையில் இருந்தது ஒரு மாடிப்படி. அவர் எவருக்காக அதில் ஏறவில்லை? நாஜிகளுக்கு இணங்கிப்போக முயன்ற ஒரு பிரபுவுக்காக. அதே பிரபு, யூதர்கள் என்ற ஒரே காரணத்திற்காக இரண்டு வேலைக்காரப் பெண்களை நீக்கச் சொல்ல, ஸ்டீவன்ஸ் மறுபேச்சின்றி நீக்குகிறார். இதற்குத் திரைக்கதை எழுதியவர் யாரென்பதை நினைக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து தப்பிய அம்மையாரின் தந்தை, சுற்றத்தார் பலர் நாஜிகளாற் கொல்லப்பட்டதை அறிந்து 1948-ல் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர். எனினும் அக்காட்சியில் ஓங்கிய குரல் இல்லை, கண்ணீர் வெள்ளம் இல்லை. இரண்டு பெண்கள் போகிறார்கள்; வீடு எப்பொழுதும்போல் துடைத்துப் பளபளப்பாக இருக்கிறது.

நாவலில் ஸ்டீவன்ஸே கதை சொல்கிறார், தம்மிடமிருந்தே மறைத்து மறைத்து. அதைப் படமாக்க இயலாது என்றே எவரும் நினைப்பர். ஐவரி அவ்வேலையை ஆண்டனி ஹாப்கின்ஸின் முகத்திடம் ஒப்படைத்தார். கையிலுள்ள புத்தகத்தைக் கென்டன் விரல் விரலாக விலக்கிப் பறிக்கும் காட்சியில் அவர் அசைவதே இல்லை. உள்ளே நிகழ்வது முழுதும் நமக்குத் தெரிகிறது.

ஐவரி 2018-ல், தமது 89-வது வயதில், வேறொரு டைரக்டரின் படத்திற்கு எழுதிய திரைக்கதைக்காகத் தம் முதல் ஆஸ்காரைப் பெற்றார்.

பிள்ளைகளுடன் பார்க்க விரும்புவோர் ‘எ ரூம் வித் எ வியூ’ படத்திலிருந்து தொடங்கலாம். ஆடவர் குளத்தில் ஆடையின்றி நீராடும் நகைச்சுவைக் காட்சி ஒன்று அதில் உண்டென்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ பெரியவர்கள் தனியே பார்க்க வேண்டிய படம். அதன் பேச்சு மெல்லிய குரலிலேயே நடப்பதால், எழுத்து வரிகள் கீழே ஓடும் பிரதியைத் தேடிப் பெறுவது நலம்.