தட்டாமாலை சுற்றும் சிறுகோள்கள்

இரண்டு சிறுவர்கள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஒரே எடை என்றால், சுழற்சியின் மையம் சரியாக நடுவில் இருக்கும். அதையே அப்பாவும் குழந்தையும் சுற்றினால்? அப்பா நின்ற இடத்திலேயே லேசாக நகர்வார். குழந்தைதான் பெரிய வட்டம் போடும். விண்வெளியில் ஜோடியாகத் திரியும் சிறுகோள்களும் இப்படித்தான். கைகளுக்குப் பதிலாக அங்கே ஈர்ப்பு விசை.

1993-ல் கலிலியோ விண்கலம் இடா என்ற சிறுகோளைப் படம் பிடித்தது. மறு ஆண்டு அந்தப் படங்களை ஆராய்ந்தபோது, பக்கத்திலேயே 1.4 கிலோமீட்டர் அளவில் ஒரு குட்டி நிலா! சிறுகோளுக்கும் துணை உண்டு என்பது அப்போதுதான் உறுதியானது. ஆன்டியோப்பி என்ற ஜோடியிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பதினாறரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுகின்றன.

இந்த ஜோடிகள் பூமியைக் காக்கவும் வழிகாட்டியிருக்கின்றன. டிடிமோஸ் சுமார் 780 மீட்டர் அகலமுள்ள சிறுகோள். அதைச் சுற்றும் டைமார்ஃபோஸ் சுமார் 160 மீட்டர். ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம். ஒன்று மற்றொன்றை மறைக்கும்போதெல்லாம் வெளிச்சம் சற்றே குறையும். அதை வைத்துத்தான் பூமியிலிருந்தபடியே நேரத்தைக் கணக்கிட்டார்கள். இரண்டாலும் நமக்கு ஆபத்தில்லை.

நாசா இந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தனியாகச் செல்லும் சிறுகோளை இடித்தால், சூரியனைச் சுற்றும் அதன் பாதையில் ஏற்படும் மாற்றம் மிக மிகச் சிறியது, அளப்பது கடினம். ஜோடியில் குட்டியை இடித்தாலோ, அரை நாள் சுற்றில் ஏற்படும் மாற்றம் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

2022 செப்டம்பர் 27, இந்திய நேரப்படி அதிகாலை. நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸின் எதிரே வந்து மோதியது. அதனால் குட்டியின் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததால் பெரியதை நோக்கி நெருங்கியது. நெருங்கியதால் சுற்றும் நேரம் சுருங்கியது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்றிருந்தார்கள். குறைந்ததோ 32 நிமிடம்! மோதலில் பீறிட்டுக் கிளம்பிய கல்லும் தூசியும், துப்பாக்கி சுடும்போது தோளைப் பின்னால் தள்ளுவதுபோல, டைமார்ஃபோஸைக் கூடுதலாகத் தள்ளிவிட்டன.

மோதிய இடத்தை அருகில் சென்று பார்க்க, 2024 அக்டோபரில் ஐரோப்பாவின் ஹேரா விண்கலம் புறப்பட்டது. டைமார்ஃபோஸின் எடை துல்லியமாகத் தெரிந்தால், நாளை பூமியை நோக்கி ஒரு கல் வரும்போது அதை எவ்வளவு பலமாக இடிக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம்.