லெப்டொப்பில் சார்ஜ் ஏறவில்லையா?



இம்மாதம் பம்பலப்பிட்டியிலிருந்து வந்த கடிதமொன்றுக்கே இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன். எழுதியிருப்பவர் ஒரு தாய். மகள் உயர்தரம் படிக்கிறாள். 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்களெல்லாம் இணையத்துக்குப் போனபோது வாங்கிய லெப்டொப் அவர்களுடையது. சென்ற வருடம் சார்ஜரின் வயர் பிய்ந்துபோக, மலிவாகக் கிடைத்த வேறொரு சார்ஜரை வாங்கினார்கள். கொஞ்ச நாளில் பட்டரியில் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. வயர் செருகியிருக்கும்வரை லெப்டொப் வேலை செய்கிறது. கழற்றினால் அந்த நொடியே அணைந்துவிடுகிறது. கடைக்காரர் புதிய பட்டரி போட்டுக் கொடுத்தார். அதில் ஏற்கெனவே இருந்த சார்ஜ் முடியும்வரை ஓடியது. பிறகு பழைய கதைதான். திரும்பக் கொண்டுபோனபோது, மதர்போர்ட் பழுது, லெப்டொப்பை வைத்துவிட்டுப் போங்கள், பாஸ்வேர்ட்டையும் எழுதித் தாருங்கள் என்றாராம். வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, கொடுக்கவும் மனமில்லை, பரீட்சையை நினைத்தால் கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை என்று கவலையோடு எழுதியிருக்கிறார்.

பாஸ்வேர்ட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று பார்க்கப் பாஸ்வேர்ட் தேவையே இல்லை. லெப்டொப் அணைந்திருக்கும்போதே சார்ஜ் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். பாஸ்வேர்ட் கேட்கும் திரையிலேயே பட்டரியின் அளவு தெரியும். டெல், எச்.பி. போன்றவற்றில் விண்டோஸ் திறப்பதற்கு முன்னரே பட்டரியையும் சார்ஜரையும் சோதித்துப் பார்க்கும் வசதி உள்ளே இருக்கிறது. டெல்லில் எஃப்-12, எச்.பி.யில் எஃப்-2 விசையை அழுத்தினால் அது வரும். திருத்துகிறவருக்கு இதெல்லாம் தெரியாத விஷயமல்ல. மதர்போர்ட் வேலைதான் என்றாலும், படங்களும் கோப்புகளும் இருக்கும் டிஸ்க்கை உங்கள் கண்முன்னே கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அநேக லெப்டொப்களில் அது இரண்டொரு திருகாணி வேலை. மிக மெல்லிய சில மாதிரிகளில் மட்டும் டிஸ்க் பலகையோடு ஒட்டியிருக்கும். அப்படியானால் படங்களை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி, லெப்டொப்பிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் கூடவே வாப்பாவையோ நானாவையோ அழைத்துப் போங்கள். ஆனால் கேளுங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் யாரோ ஒருவரின் மேசையில் ஒரு வாரம் கிடக்க வேண்டிய அவசியம் என்ன?

இனிப் பழுதுக்கு வருவோம். மின்சாரம் சுவரிலிருந்து பட்டரிவரை போகிற பாதையில் ஐந்தாறு இடங்கள் இருக்கின்றன. பட்டரி அந்தப் பாதையின் கடைசியில் இருப்பது. முதல் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால்தான் காசு வீணாகாது.

சுவரில் உள்ள பிளக் பொயின்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் பொயின்ட் நல்லது. பழைய வீடுகளில் வட்டத் துளைப் பொயின்டுக்குச் சதுரப் பிளக்கைப் பொருத்த ஓர் அடப்டர், அதற்குமேல் ஒரு மல்ட்டி பிளக் என்று அடுக்கி வைத்திருப்போம். அதில் ஏதாவது தளர்ந்திருந்தால் சார்ஜ் விட்டு விட்டுத்தான் ஏறும். தளர்ந்த இடம் சூடாகி உருகவும் கூடும். லெப்டொப்பை நேராகச் சுவரிலேயே செருகுங்கள்.

அடுத்தது, சுவருக்கும் சார்ஜரின் கறுப்புக் கட்டைக்கும் இடையில் உள்ள தடித்த வயர். இது தனியாகக் கழன்று வரும். இதன் உட்கம்பி அறுந்துபோவது சாதாரணம். இந்த வயர் மட்டும் தனியாகக் கடையில் கிடைக்கும். முழுச் சார்ஜரின் விலையோடு பார்த்தால் அற்பம். பக்கத்து வீட்டு லெப்டொப்பின் வயர் இதே வடிவமானால், மாற்றிச் செருகி ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது சார்ஜர். கடிதம் எழுதிய சகோதரிக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டையின் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். இன்புட் என்ற இடத்தில் 100-240 வோல்ட் என்றிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆகவே ஜப்பானிலிருந்து வந்த பாவித்த லெப்டொப்பின் சார்ஜரானாலும் இப்படி எழுதியிருந்தால் இங்கே பாவிக்கலாம். அவுட்புட் என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்; 65 வொட். மாற்றாக வாங்கும் சார்ஜரின் வோல்ட் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதேயளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 65 வொட் கேட்கும் லெப்டொப்புக்கு 45 வொட் சார்ஜரைக் கொடுத்தால், லெப்டொப்பை ஓட்டுவதற்கே அது சரியாகிவிடும். பட்டரிக்கு ஏற மிச்சம் இராது.

அளவு சரியாக இருந்தும் சார்ஜ் ஏறாமல் போக இன்னொரு காரணம் இருக்கிறது. பல டெல், எச்.பி. லெப்டொப்களின் சார்ஜர் முனைக்குள் நடுவே ஊசிபோல் ஒரு கம்பி தெரியும். மின்சாரத்தைக் கொண்டுபோவது அதன் வேலையல்ல. ‘நான் இன்ன அளவுச் சார்ஜர்’ என்று லெப்டொப்புக்குச் சொல்வதே அதன் வேலை. மலிவான மாற்றுச் சார்ஜர்களில் இந்தப் பேச்சு நடப்பதில்லை. நல்ல சார்ஜரிலும் அந்தக் கம்பி வளைந்தால் பேச்சு அறுந்துவிடும். சார்ஜரை அடையாளம் தெரியாத லெப்டொப், ஓடுவதற்கு மட்டும் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, பட்டரிக்கு ஏற்ற மறுத்துவிடும். டெல்லில் திறக்கும்போதே சார்ஜரின் வகை தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். நாம் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவோம். வயர் இருந்தால் ஓடும், கழற்றினால் அணையும், புதுப் பட்டரி போட்டும் ஏறாது என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதற் சந்தேகம் இதன்மேல்தான். உங்கள் லெப்டொப்பின் அதே வகை, அதே வொட் உள்ள அசல் சார்ஜரை உறவினரிடமோ மேல்மாடிச் சகோதரியிடமோ அரை மணி நேரம் இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் ஏறாவிட்டால் மாத்திரமே மதர்போர்ட் என்ற பேச்சுக்குக் காது கொடுங்கள். ஏறினால், யுனிட்டி பிளாசா உங்களுக்கு நடக்கிற தூரம்தானே. லெப்டொப்பைக் கையோடு கொண்டுபோய், செருகி, சதவீதம் ஏறுவதைக் கண்ணால் கண்ட பிறகு காசைக் கொடுங்கள். பற்றுச்சீட்டும் வாங்குங்கள். அது இருந்தால்தான் பின்னர் தகராறு வந்தாலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் பேச முடியும்.

புதிய லெப்டொப்களில் போனைப் போலவே டைப்-சி துளை இருக்கிறது. போன் சார்ஜரைச் செருகிவிட்டு ஏறவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. போன் சார்ஜர் அநேகமாக 15, 20 வொட்தான். லெப்டொப் கேட்பது 45 அல்லது 65. வயரும் அந்த அளவைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

துளையையும் பாருங்கள். காலி வீதிக்கும் மரீன் டிரைவுக்கும் நடுவில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே காற்று சார்ஜர் துளையின் உலோகத்தையும் தின்னும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால், லெப்டொப்பை அணைத்து வயரைக் கழற்றிவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தாலே சில வேளை சரியாகிவிடும். ஊசியோ ஹேர்பின்னோ உள்ளே போகக் கூடாது. முனையைச் செருகியபின் அது ஆடினால், உள்ளே பற்றாசு விட்டிருக்கிறது. அது கடை வேலை, பெரிய வேலையல்ல.

பழுதே இல்லாத ஒரு ‘பழுதும்’ உண்டு. 80 வீதத்துக்கு மேல் ஏறாது, அல்லது 60 வீதத்திலேயே நின்றுவிடும். லெனோவோ, அசுஸ், டெல், எச்.பி. எல்லாவற்றிலும் பட்டரியின் ஆயுளைக் கூட்டுவதற்காக இப்படி நிறுத்திவைக்கும் அமைப்பு இருக்கிறது. வீட்டுப் பிள்ளை எங்கோ அழுத்தி அதைத் திறந்திருக்கும். எப்போதும் வயரோடு பாவிப்பவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், லெப்டொப்பை முழுதாக அணைத்து, வயரைக் கழற்றி, பட்டரி வெளியே எடுக்கக்கூடியதானால் அதையும் எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பட்டரியைப் போட்டு வயரைச் செருகுங்கள். உள்ளே சிக்கிக்கொண்ட கட்டுப்பாட்டுச் சில்லு புதிதாகத் தொடங்கும். செலவில்லாத வைத்தியம், பல வேளைகளில் பலிக்கும்.

பட்டரிக்கும் வயதாகும். சாதாரண லெப்டொப் பட்டரி 300 முதல் 500 முழுச் சுற்றுகள் வரை நன்றாக உழைக்கும். இன்று பாதி, நாளை பாதி செலவானால் அது ஒரு சுற்று. 2020ல் இணைய வகுப்புக்காக வாங்கிய லெப்டொப்களின் பட்டரிகளெல்லாம் இப்போது முதுமையில் இருக்கின்றன. விண்டோஸில் பட்டரி ரிப்போர்ட் என்று ஓர் அறிக்கை எடுக்கலாம்; கணினி படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் எடுத்துத் தரும். புதிதில் எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதன் பாதிக்கும் கீழே போயிருந்தால் பட்டரியை மாற்றுவது நியாயம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ஐத் தொட்டதே, அதிலிருந்து பட்டரியானாலும் லெப்டொப்பானாலும் நமக்குச் சின்னச் செலவல்ல. அந்த எண்களைப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது பணத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது.

மவுஸுக்குப் பதிலாக விரலால் தேய்க்கும் பலகை மேலே எழும்பி நிற்கிறதா? அதை அழுத்த முடியவில்லையா? மேசையில் வைத்தால் லெப்டொப் ஆடுகிறதா? மூடி சரியாக மூடவில்லையா? அடிப்பக்கத்துத் தட்டு பிளந்து விரிகிறதா? இனிப்பான ஒரு மருந்து வாடை வருகிறதா? பட்டரி உள்ளே வாயு நிரம்பி வீங்கியிருக்கிறது. அந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றி, லெப்டொப்பை அணைத்துவிடுங்கள். இன்னும் ஓடுகிறதுதானே, பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். மூடியை அமுக்கி மூடாதீர்கள். வாயுவை வெளியேற்றலாம் என்று பட்டரியைக் குத்திவிடாதீர்கள், குத்தினால் தீ. பிள்ளைகள் எட்டாத இடத்தில், சீமெந்துத் தரையில், துணிமணிகளுக்கு அப்பால் வைத்து, அன்றே தெரிந்த கடையில் கழற்றக் கொடுங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை லொறியில் நசுங்கினால் அங்கே பற்றும். கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

இது மலிவுப் பட்டரிக்கு மட்டும் வருவதென்று எண்ண வேண்டாம். லித்தியம் அயன் பட்டரியை 1991ல் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த சோனி நிறுவனம் தயாரித்த பட்டரிகளையே, தீப்பற்றும் அபாயம் என்று 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 இலட்சம் அளவில் திருப்பி அழைத்தது.

புகை வந்தால்? அந்தப் புகை நஞ்சு. பிள்ளைகளையும் வயதானவர்களையும் அறையிலிருந்து வெளியேற்றி, கிட்டப் போகாமல் மெயின் சுவிட்சை அணைத்து, 110க்கு அழையுங்கள். லெப்டொப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டால் கண்டியுங்கள். காற்றுப் போகும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன; மெத்தையும் தலையணையும் அவற்றை அடைத்துவிடும். சூடுதான் பட்டரியின் முதல் எதிரி.

கரண்ட் வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை இருட்டில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது. கரண்ட் போனதும் லெப்டொப்பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள். மின்சாரம் வரும் அந்தக் கணத்தில் வோல்ட் ஏறி இறங்குவதுதான் சார்ஜரைக் கொல்வது. லீவுக்கு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் லெப்டொப்பை மூடி வைப்பதானால், பாதியளவு சார்ஜோடு வையுங்கள். வெறுமையாகக் கிடந்த பட்டரி பிறகு எழும்பாமலே போகலாம்.

கட்டாரிலோ துபாயிலோ இருக்கும் மகனிடம் பட்டரி அனுப்பச் சொல்கிறவர்கள் இதையும் சொல்லிவிடுங்கள். தனிப் பட்டரியை விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போட அனுமதியில்லை. கையில் கொண்டுவரும் பையில்தான், உலோக முனைகளை டேப் ஒட்டி மூடிக் கொண்டுவர வேண்டும். 100 வொட்-மணிவரை தடையில்லை; லெப்டொப் பட்டரிகள் அநேகமாக 40 முதல் 60 தான், பட்டரியின் மேலேயே அச்சிட்டிருக்கும். வாங்கு முன், பழைய பட்டரியின் மேலுள்ள பார்ட் நம்பரைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். லெப்டொப்பின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, ஒரே பெயரில் இரண்டு மூன்று வகைப் பட்டரிகள் வருகின்றன.