மன்னிப்பும் நீதியும்

மன்னிப்பது கோழையின் செயல் என்பர் சிலர். குற்றவாளிக்கு அது கொண்டாட்டம் என்பர் வேறு சிலர். கிறிஸ்தவம் கூறும் மன்னிப்பை இவ்விரு சாராரும் உணரவில்லை என்பதே என் கருத்து.

1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு பிள்ளைகளும் உயிருடன் எரிக்கப்பட்டனர். மூத்தவனுக்கு வயது 10, இளையவனுக்கு 6. தொழுநோயாளருக்குத் தொண்டு புரிய ஆஸ்திரேலியாவினின்று வந்தவர் அவர். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார் மனைவி கிளாடிஸ். ஆனால் மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கும் நடந்தது, முதற் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதில் முரண்பாடு ஏது? வேதாகமத்தில் வரும் ஆயக்காரன் சகேயு, இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றபோது, அநியாயமாய்ப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். அருள் பெற்றவனுக்கும் கடன் உண்டு!

பகையை விடுவதே மன்னிப்பு, நீதியை விடுவதன்று. அதையும் பாதிக்கப்பட்டவர் தாமே மனமுவந்து தரவேண்டும். 'மன்னித்துவிடு' என்று அவரை நெருக்க, கோயிலுக்கும் உரிமையில்லை, ஊருக்கும் உரிமையில்லை.