முதல் வலையைப் போட்டவன்

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போய் இரண்டு வாரத்தில், ஜூன் 29, புனித பேதுரு, பவுல் திருவிழா. அதை ஒட்டிய ராயபுரம் என்ற பேரே ராயப்பரிடமிருந்து, அதாவது பேதுருவிடமிருந்து வந்ததுதான். படகோட்டிகள் 1829இல் கட்டிய கோயிலும் அவர் பேரில்தான். திருவிழாவை ஒட்டி பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும்.

குடித்தேன், கெட்ட வார்த்தை பேசினேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்பதுதான் ஆத்தும சோதனைக்கு நாம் பழகிய பட்டியல். எல்லாம் 'நான்' செய்தவை. என்னால் இன்னொருவன் செய்த பாவத்துக்கு அதில் இடமில்லை. பழைய ஞானோபதேசப் பாடங்களில் இருந்தது. ஏவுவது, கட்டளையிடுவது, இசைந்துபோவது, புகழ்வது, மறைப்பது, வாய்மூடி இருப்பது என்று, பிறர் பாவத்தில் பங்காளியாகும் வழிகள் ஒன்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். சிறியவர்களை இடறச் செய்பவனைப் பற்றி இயேசு சொன்னதோ அதைவிடக் கடுமை: கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நல்லது. அது எப்படிப்பட்ட சாவு என்று எங்கள் குப்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒருவன் இன்னொருவனை இடற வைப்பதை எங்கள் கடலிலேயே பார்க்கலாம். மீன் கூட்டத்தை வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000இல் தடை செய்தது. கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு தந்தது. இரட்டைமடி, அதிவேக இன்ஜின், சின்னக் கண்ணி வலை என்று சண்டைகள் வேறு. எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அவன் போட்டா, நாங்க மட்டும் கையைக் கட்டிக்கினு நிக்கணுமா?" நியாயமான கேள்விதான், அதில்தான் விஷமும் இருக்கிறது. தடைக்காலம் 61 நாளும் ஓரளவு தாக்குப்பிடிப்பது எல்லாப் படகும் சேர்ந்து கட்டிக்கிடப்பதால். ஒரு படகு கயிற்றை அவிழ்த்தால் பக்கத்துப் படகும் அவிழ்க்கும்.

படகு உரிமையாளர் பெரும்பாலும் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்த பிறகே ஆட்களுக்குப் பங்கு. முன்பணம் வேறு கழுத்தில் நிற்கும். பாடு, அதாவது பிடிபட்ட மீன், சரியில்லையென்றால் படகு டிரைவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த நிலையில் சின்னக் கண்ணி வலையை இறக்கச் சொல்ல ஆள் எதற்கு? கணக்கே சொல்லிவிடும். குஞ்சு மீன் கோழித்தீவனத்துக்குப் போகும், நாளைய பெரிய மீன் இல்லாமல் போகும், அடி வாங்குவது சிறிய ஃபைபர் படகுக்காரன். தவறு செய்யத் தூண்டும் விதிகளை வகுக்கும் தொழில் தலைவர்களையும் இடறலுக்குக் குற்றவாளிகளாகவே திருச்சபையின் மறைக்கல்வி (1992) சேர்க்கிறது. எனக்கு அதில் காசிமேட்டுப் பங்குக் கணக்கும் தெரிகிறது.

மீனவனை மட்டும் கூண்டில் ஏற்றினால் அநியாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, அதைத் தடுத்திருக்கக் கூடியவர்கள் எத்தனை மேசைகளில் உட்கார்ந்திருந்தார்களோ! சமூகப் பாவம் என்பது தனிமனிதர்களின் பாவங்கள் சேர்ந்து குவிந்தது என்றும், தடுக்க முடிந்தும் சோம்பலாலோ பயத்தாலோ சும்மா இருந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றும் இரண்டாம் ஜான் பால் 1984இல் எழுதினார்.

பிறரை இடறச் செய்வதில் ராயப்பரே ஒருமுறை சிக்கியவர். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். உடனே மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள், பர்னபா உட்பட. என்னோடு வாருங்கள் என்று பேதுரு கூப்பிட்டதாகக் கலாத்தியர் திருமுகத்தில் இல்லை. அவர் எழுந்ததே போதுமாயிருந்தது. பவுல் அவரைத் தனியே அழைத்துப் பேசவில்லை, எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

எல்லோர் முன்னும் நடந்ததைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் மட்டும் சொன்னால் எப்படிச் சரியாகும்? திருடியவன் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறோம். இடறலுக்கும் ஈடு உண்டு. ஒரு உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "என் படகுல சின்னக் கண்ணி ஏறாது, பாடு குறைஞ்சாலும் ஆளுங்க பங்குல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லலாம். சொன்னால் அந்த வருஷம் அவருக்கு நட்டம்தான். அதில் மற்ற படகுகள் எவ்வளவு ஏற்கும் என்பதையும் அதே கூட்டத்தில் பேசிவிட வேண்டும்.